தொண்டை அசையணும்

மண்டோர் யாருடைய முகத்தையும் பார்க்க மாட்டார். தொண்டையைத்தான் பார்ப்பார். ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு, அது உள்ளே இறங்குகிறதா என்று கழுத்தில் கண்ணை வைத்துக்கொண்டு நிற்பார். இறங்கியதும் போய்விடுவார்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். அந்தப் பெயரைச் சொல்லவே கூசிய ஊருக்கு இப்போது நான் ஏன் அதை எடுத்துக் கொடுக்க வேண்டும்? முனிசிபாலிட்டியில் குப்பை அள்ளுகிறவர்களுக்கு மேலாளாக இருந்தார், அதனால் மண்டோர். காஜா பெராங் பகுதியில் எங்கள் குடியிருப்பு வரிசையின் கடைசி வீடு அவருடையது. காக்கி அரைக்கால் சட்டை, வெற்றிலைக் கறை படிந்த பல், வெயிலில் கறுத்த வழுக்கைத் தலை. பார்த்தால் மரியாதை வருகிற ஆள் இல்லை.

ஜப்பான்காரன் சண்டைக்கு முன்னால் முனிசிபாலிட்டி கொயினா மாத்திரை கொடுத்தனுப்பும். மலைக்காய்ச்சல் வராமல் இருக்க. மண்டோர் வீடு வீடாகக் கொண்டு வருவார். விஷக் கசப்பு. நாங்கள் நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு, அவர் தலை மறைந்ததும் வாசல் கால்வாயில் துப்பிவிடுவோம். ஒருநாள் கால்வாயைச் சுத்தம் செய்தவன் கரையாத மாத்திரைகளை அள்ளிக்கொண்டு போய் அவரிடம் காட்டிவிட்டான். அன்றிலிருந்துதான் இந்தத் தொண்டைப் பார்வை.

"காய்ச்சலே இல்லையே மண்டோரய்யா, எதுக்கு இது?"

"கேக்காத. முழுங்கு."

"கசக்குதே!"

"கேக்காத."

"கேக்கலைங்க, சொல்றேன்."

"சொல்லாத. தொண்டை அசையணும்."

பக்கத்துத் தெருவில் செட்டி வீட்டு அம்மா ஒருத்தி. சாமி எங்கள் சாமி, பேச்சு மட்டும் மலாய். அவள் இவருக்கு 'தோக் ஜாங்ஙான் தாஞ்ஞா' என்று பெயர் வைத்தாள். கேக்காத தாத்தா என்று அர்த்தம். அவர் தெருவில் திரும்பினாலே பெண்கள் கழுத்தைச் சேலையால் மூடிக்கொண்டு சிரிப்பார்கள். அவருக்குக் கோபமும் வராது, சிரிப்பும் வராது.

சண்டை நெருங்கியபோது வெள்ளைக்கார அரசாங்கம் அவருக்கு ஒரு இரும்புத் தொப்பியும் விசிலும் கொடுத்து, எங்கள் பகுதிக்குக் காவல் ஆள் ஆக்கியது. விசில் ஊதினால் எல்லோரும் கால்வாயில் குப்புறப் படுக்க வேண்டும். ஆளுக்கு ஒரு கித்தா ரப்பர்த் துண்டு கொடுத்தார். குண்டு விழும்போது பல்லுக்கு நடுவில் கடித்துக்கொள்ள வேண்டுமாம். ஏன் என்று கேட்டால் பழைய பதில்தான். "கேக்காத. கடி." காது கிழியாமல் இருக்க என்று பிறகு வேறு யாரோ சொல்லித்தான் தெரியும்.

என் மாமனார் மட்டும் முதலில் வாங்க மறுத்தார். அவர் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலுக்கு மாலை கட்டிக் கொடுப்பவர். மீன் வாசம் வந்தால் குடத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு பிடிக்கச் சொல்லும் சைவம். மண்டோர் நீட்டிய கித்தாவைத் தொடாமல், அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"இது யாரு வாயிலயாச்சும் வச்சதா மண்டோரே?"

"புதுசு," என்றார் மண்டோர்.

நான் ஆச்சரியப்பட்டேன். கேட்ட கேள்விக்கு அந்த மனிதர் பதில் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. மாமனார் வாங்கிக்கொண்டார்.

அந்தக் காலத்தில் அரசாங்கம் பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் சாப்பாட்டுக் கிடங்கு வைத்திருந்தது. முற்றுகை வந்தால் ஊருக்குக் கொடுக்க அரிசி, சீனி, பெட்டி பெட்டியாக டின். எல்லாம் கப்பலில் வந்தது. அதன் சாவி மண்டோரிடம். முன்கூட்டியே யோசித்த அரசாங்கம் என்று பெருமையாகச் சொல்வார்கள். பசியைத்தான் யோசித்தார்கள். சாப்பிடப் போகிற வாய் யாருடையது என்று ஒருத்தனும் யோசிக்கவில்லை.

ஜப்பான்காரன் எங்கள் ஊரை எட்டுவதற்குள் துரைமார்கள் சிங்கப்பூருக்கு வண்டி ஏறிவிட்டார்கள். போகிற வழியில் ஒருவர் காரை நிறுத்தி, மண்டோரிடம் மண்ணெண்ணெய் டின்னைக் கொடுத்துக் கிடங்கைக் கொளுத்தச் சொன்னார். ஜப்பான்காரன் கையில் கிடைக்கக் கூடாதாம். எங்கள் கைக்குக் கிடைப்பதைப் பற்றி அவருக்கு யோசனை இல்லை. மண்டோர் தலையாட்டினார். கார் போனதும் கதவைத் திறந்துவிட்டார். அந்த மண்ணெண்ணெயில் எங்கள் வரிசை கொஞ்ச காலம் விளக்கு ஏற்றியது.

ஜனங்கள் அரிசியையும் சீனியையும் அள்ளிக்கொண்டு போனார்கள். என்னவென்று தெரியாத டின்களை யாரும் தொடவில்லை. அவற்றை மண்டோர் குப்பை வண்டியில் போட்டு, மேலே குப்பையை மூடி, தன் வீட்டுப் பின்புறம் கொண்டுவந்தார். குப்பை வண்டியைக் கிளறிப் பார்க்க எந்தச் சிப்பாய்க்கு மனம் வரும்?

சாயங்காலம் துணி அலசப் போன நான் பார்த்தேன். அவர் டின்களைக் கால்வாய்த் தண்ணீரில் ஊறவைத்து, சுற்றியிருந்த காகிதத்தைத் தேங்காய்ச் சிரட்டையால் சுரண்டிக்கொண்டிருந்தார். உரிந்த காகிதங்கள் தண்ணீரில் மிதந்து என் பக்கம் வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு மாட்டுத் தலை.

எனக்குச் சந்தோஷமாகப் போய்விட்டது. கடையில் விற்ற பால் டின்னிலும் மாட்டுப் படம்தான் இருக்கும். மனிதர் பால் பதுக்கி வைத்திருக்கிறார், நல்லது, ஆத்திர அவசரத்துக்கு ஆகும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஜப்பான்காரன் காலத்திலும் அவர் மண்டோர்தான். குப்பைக்கு எந்த அரசாங்கமாக இருந்தால் என்ன? ஒருமுறை காவல் சாவடியில் ஒரு சிப்பாய்க்குக் காய்ச்சல் என்று கொயினா கொண்டுபோகச் சொன்னார்கள். கொடுத்தார். கொடுத்துவிட்டுக் குனிந்து வணங்காமல் சிப்பாயின் கழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிப்பாய் எழுந்து பளாரென்று அறைந்தான். இவர் தள்ளாடி விழுந்து, எழுந்து, மறுபடியும் அதே இடத்தில் நின்று அவன் தொண்டையைப் பார்த்தார். கடைசியில் சிப்பாய் மாத்திரையை விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினான் என்று குப்பை அள்ளுகிறவன் வந்து சொன்னான். வரிசையே சிரித்தது. எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. அறை வாங்கியும் மாறாத மனிதரிடம் எதைப் பேசுவது?

என் புருஷனைச் சயாம் ரயில் வேலைக்கு லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. வீட்டில் மாமனாரும் நானும் கைக்குழந்தையும். பங்கீட்டு அரிசியில் சுண்ணாம்பு வாடை அடிக்கும். அதுவும் வரவரக் குறைந்து, பிறகு மரவள்ளிதான். காலையில் மரவள்ளி, மத்தியானம் மரவள்ளி. எல்லோரும் நடுங்கள் என்று அரசாங்கம் சொன்னது. நட்டோம். வயிறு நிறைந்தது, உடம்பு செத்தது.

என் பெண்ணுக்குக் கால் வீங்கியது. விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். முகம் உப்பி, தலைமுடி செம்பட்டையாகி உதிர்ந்தது. அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். அதே வீக்கம் மாமனாருக்கும் வந்தது. நான் எழுந்து மண்டோர் வீட்டுக்குப் போனேன்.

"மண்டோரய்யா, ஒரு பால் டின் குடுங்க."

"பால் இல்ல."

"இருக்கு. நான் பாத்தேன். மாட்டுப் படம் போட்டது. கால்வாயில ஊற வச்சு உரிச்சீங்க."

அவர் என் தொண்டையைப் பார்த்தார். "யாருகிட்ட சொன்ன?"

"யாருகிட்டயும் சொல்லல."

"சொல்லாத."

"அப்ப குடுங்க. புள்ள செத்துடும்."

"பால் இல்ல புள்ள. வீட்டுக்குப் போ."

தெருவில் நின்று சத்தம் போட்டேன். "கள்ளச் சந்தையில வித்துத் தின்னுங்க! கடைசியில ஒங்க வாயில ஊத்த ஒரு சொட்டுப் பால் கெடைக்காது, பாத்துக்குங்க!" மண் வாரித் தூற்றிவிட்டு வந்தேன். அதற்காக இன்று நான் வருத்தப்படவில்லை. அன்றைக்கு அது சரியான பேச்சுதான்.

மறுநாள் மத்தியானம் அவரே ஒரு சட்டியோடு வந்தார். மரவள்ளிக் கஞ்சி. புளியும் மல்லியும் மிளகாயும் அரைத்துக் கொட்டியிருந்தது. அந்தக் காலத்தில் மிளகாய் எங்கே பிடித்தாரோ. கஞ்சிக்குள் பழுப்பு நிறத்தில் நார் நாராக ஏதோ கிடந்தது. காரத்தையும் புளியையும் தாண்டி ஒரு வாடை அடித்தது. எனக்குத் தெரியாத வாடை.

"என்னங்க இது?"

"கேக்காத. புள்ளைக்குக் குடு. தொண்டை அசையணும்."

கொடுத்தேன். குழந்தை குடித்தது. மண்டோர் நிலைப்படியில் கை வைத்துக்கொண்டு அதன் கழுத்தைப் பார்த்தபடி நின்றார். அது அடிச்சட்டி வரை நக்கியது. நெடுநாளைக்குப் பிறகு அன்றுதான் உரக்க அழுதது, இன்னும் வேண்டும் என்று.

அதற்குப் பிறகு சட்டி வந்துகொண்டே இருந்தது. எங்கள் வீட்டுக்கு மட்டும் இல்லை. வரிசையில் வீங்கிக் கிடந்த எல்லா வீட்டுக்கும். என்னவென்று கேட்டவர்களுக்கு அதே பதில். ஒருத்தி பலாப்பிஞ்சு என்றாள். ஒருத்தி காளான் என்றாள். செட்டி வீட்டு அம்மா ஆமை என்று சொல்லிச் சிரித்தாள். பேர் வைக்கிற விளையாட்டாகப் போய்விட்டது. பசிக்கிறவர்கள் கேள்வி கேட்பது பேச்சுக்குத்தான். பதில் வந்துவிடக் கூடாது என்ற பயத்தோடுதான் நாங்கள் கேட்டோம்.

மாமனாரும் குடித்தார். காலில் வீக்கம் வடிந்து, சுவரைப் பிடிக்காமல் நடந்தார். பூ கிடைக்கவில்லை என்று அருகம்புல் பறித்து மாலை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய் வந்தார். ஆனால் சட்டி வரும்போதெல்லாம் அவர் பேச்சு நின்றுவிடும். குடித்து முடித்ததும் கிணற்றடியில் நெடுநேரம் வாய் கொப்பளிப்பார்.

ஒருநாள் வாசலில் உட்கார்ந்திருந்தார். மண்டோர் சட்டியிலிருந்து கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார். மாமனார் அதை இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"மண்டோரே, ஒக்காரு."

மண்டோர் உட்காரவில்லை.

"நான் இப்ப ஒன்னைக் கேக்கப் போறேன். நீ சொல்லலைன்னா குடிச்சிடுவேன். சொன்னா குடிக்க மாட்டேன். ஒன் இஷ்டம்." கிண்ணத்தைக் காட்டாமல், அவர் முகத்தைப் பார்த்தே கேட்டார். "என்ன இது?"

நான் உள்ளே குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மண்டோர் மாமனாரின் தொண்டையைப் பார்த்தார். அதில் உருத்திராட்சம் ஒன்று கயிற்றில் தொங்கியது. 'கேக்காத' என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசுக்குள் அடித்துக்கொண்டேன்.

"மாடு," என்றார்.

"இதுவரைக்கும் குடிச்சது?"

"அதுவும்தான்."

மாமனார் கிண்ணத்தைச் சொட்டுக்கூடச் சிந்தாமல் கீழே வைத்தார். மண்டோரைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "தாயி, இதை வீணாக்காத. பாப்பாவுக்கு ஊத்து."

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. கால்வாயில் மிதந்த மாட்டுத் தலை. மாட்டுப் படம் என்றால் பால் என்று நினைத்த என் முட்டாள்தனம். மாட்டையே டின்னில் அடைத்து, கடல் தாண்டிக் கொண்டுவந்து, இந்துக்கள் இருக்கிற ஊருக்கு ஆபத்துக் கால உணவு என்று அடுக்கி வைப்பார்கள் என்று எவளுக்குத் தோன்றும்? ஆனாலும் எழுந்து போய் அந்தக் கிண்ணத்தை எடுத்து வந்து என் பெண்ணுக்குப் புகட்டினேன். பாவம் என்று சொல்ல வருகிறவர்கள், முதலில் தங்கள் வீட்டுக் குழந்தையின் காலை அமுக்கி, அந்தக் குழியைப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.

அன்றிலிருந்து குழந்தை சாப்பிடும்போது மாமனார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. மரவள்ளியும் வெந்நீரும்தான் அவருக்கு. வீக்கம் திரும்பி வந்து, காலிலிருந்து வயிற்றுக்கு ஏறியது. மழை பிடிப்பதற்குள் போய்விட்டார்.

பிணம் எடுத்த அன்றே நான் மண்டோரைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன்.

"ஊரையே ஏமாத்தினீங்களே, ஒரு கெழவரை ஏமாத்த முடியலையா? ஒரு பொய்யி. பலாப்பிஞ்சுன்னு சொல்லியிருந்தா இன்னிக்கு உயிரோட இருந்திருப்பாரு. ஏன் சொன்னீங்க?"

"கேக்காத," என்றார்.

அடித்திருப்பேன். கையில் தெம்பில்லை.

ஜப்பான்காரன் தோற்றுப் போன பிறகு, திரும்பி வந்த அரசாங்கம் நிவாரணம் கொண்டுவந்தது. திடலில் ஒரு லோரி. கழுத்துப்பட்டை கட்டிய ஒரு தமிழ் குமாஸ்தா. பழைய காவல் ஆள் என்று மண்டோரைக் கூப்பிட்டு, ஜனங்களை வரிசையில் நிறுத்தச் சொன்னார்கள். பால் டின், பிஸ்கட், சவுக்காரம் எல்லாம் வந்தது. அப்புறம் அதே டின்களும் வந்தன. மேலே காகிதம் பளபளவென்று இருந்தது. அதே மாட்டுத் தலை. இத்தனை சாவுக்குப் பிறகும் யாரும் யாரையும் எதுவும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

மண்டோர் ஒரு டின்னைத் தூக்கிப் பிடித்தார்.

"இது மாட்டுக் கறி. வேணுங்கறவன் எடு. வேணாங்கறவன் விடு."

குமாஸ்தாவுக்குக் கோபம் வந்தது. "யோவ், ஒன்னைக் கேட்டாங்களா? பேசாம குடுய்யா. பசிச்சவன் திங்கட்டும்."

"சொல்லித்தான் குடுப்பேன்."

அந்த மனிதர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு. மாமனார் போன பிறகு அவர் அப்படி ஆகிவிட்டார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

வரிசையில் நின்ற மளிகைக் கடை ராவுத்தர், டின்னை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இதை அறுத்தவன் யாரு?"

"ஆஸ்திரேலியா," என்றார் குமாஸ்தா.

"ஊரைக் கேக்கல தம்பி, அறுத்த ஆளைக் கேக்கறேன்," என்று ராவுத்தர் அதை லோரியிலேயே திரும்ப வைத்தார். ஜனங்கள் சிரித்தார்கள். கடைசியாகச் சிரித்தது அதுதான்.

நல்ல சாமான் என்று காட்டுவதற்காகக் குமாஸ்தா ஒரு டின்னைக் கத்தியால் குத்தித் திறந்தார். வாடை வந்தது.

எங்கள் வரிசைப் பெண்கள் ஒவ்வொருத்தியின் முகமும் மாறியதைப் பார்த்தேன். அந்த வாடை எல்லோருக்கும் தெரிந்த வாடை. புளியும் மிளகாயும் போட்டு மூடி வைத்திருந்த வாடை. ஒருத்தி அங்கேயே வாந்தி எடுத்தாள். செட்டி வீட்டு அம்மா வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மண்டோரோடு குப்பை வண்டி தள்ளிய ஒருவன் நேராக வந்து அவர் முகத்தில் துப்பினான். அவன் பிள்ளைகள் அந்தக் கஞ்சியில்தான் பிழைத்தார்கள். மண்டோர் துடைத்துக்கொள்ளவில்லை. வரிசை முடியும் வரை டின்னைத் தூக்கிப் பிடித்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். "மாட்டுக் கறி. வேணாங்கறவன் விடு."

அதற்குப் பிறகு நாவிதர் அவருக்குச் சவரம் செய்ய மறுத்தார். அவர் மொண்ட கிணற்றில் மற்றவர்கள் மொள்ளவில்லை. அவர் பெண்சாதி குருபோங்கில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் தொண்டை பார்த்துக் காப்பாற்றிய பிள்ளைகள் அவர் வீட்டுக் கூரையில் கல் எறிந்தார்கள். ஏன் எங்களை முன்பே கேட்கவில்லை என்றார்கள் பெரியவர்கள். அதில் நியாயம் இருக்கிறது. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் முன்பே கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள், எத்தனை பேர் இன்று கல் எறிய இருந்திருப்பீர்கள் என்று நான் கத்தினேன். என்னோடும் பேசுவதை நிறுத்தினார்கள். நிறுத்தட்டும்.

பிழைத்த என் பெண் இன்று பேரன் பேத்தி எடுத்தவள். முட்டை பொரித்த சட்டியைக்கூடத் தொட மாட்டாள். தாத்தா மாதிரியே சைவம். அவள் கேட்டால் சொல்வேன். இன்றுவரை கேட்கவில்லை.

ஊர் ஒதுக்கிய அந்தச் சமயத்தில்தான் மண்டோருக்குக் காய்ச்சல் கண்டு, எழுந்திருக்க முடியவில்லை என்று குப்பை வண்டிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். யாரும் போகவில்லை. நான் நிவாரணத்தில் வாங்கிய பால் டின்னை உடைத்து, வெந்நீரில் கரைத்து, கிண்ணத்தில் ஊற்றி எடுத்துக்கொண்டு போனேன். பாயில் சுருண்டு கிடந்தார். முகம் சின்னதாகிப் போயிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இப்பவாச்சும் சொல்லுங்க. எங்க மாமாகிட்ட ஏன் சொன்னீங்க?"

மெதுவாகச் சொன்னார்.

"எல்லாரும் சட்டியப் பாத்துக் கேட்டாங்க. அவரு என்னயப் பாத்துக் கேட்டாரு."

இவ்வளவுதானா என்று இருந்தது. இது எனக்குப் போதவில்லை. இன்றும் போதவில்லை. ஒரு உயிருக்கு இது பதிலா?

கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்து அவர் உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். கண்ணைத் திறந்து, முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன இது?"

கேக்காத என்று நாக்கு நுனி வரை வந்தது. அத்தனை வருடக் கோபமும் அந்த ஒரு சொல்லில் வந்து நின்றது. அதை விழுங்கினேன்.

"பால்தான். மாட்டுப் படம் போட்டது."

வாயைத் திறந்தார். முதல் கரண்டி இறங்கியது. அடுத்தது கடைவாயில் வழிந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு, இன்னொரு கரண்டியை ஊற்றி, கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, அவர் தொண்டையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.